முப்பத்தோராம் நாள் வந்த பூச்சி

அருள்நாயகம் செத்து முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் வீட்டுக்குத் திரும்பியபோது, அவர் ஹோலில் இருந்த பூச்சட்டி மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்.

இது அவருடைய அக்கா மக்டலீன் சொன்னது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் முழங்காலில் விழுந்து, "என்ரை தம்பி வந்திட்டான்! மாதாவே, என்ரை தம்பி வந்திட்டான்!" என்று அவள் வைத்த ஒப்பாரியில், டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியின் எதிர்வீட்டுக் கதவும் திறந்துகொண்டது. மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தம்பி தெரியவில்லை, ஒரு பூச்சிதான் தெரிந்தது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பூச்சி என்றால் அதுதான் பூச்சி. விரித்த கையளவு செட்டை. செங்கல் நிறத்தில், வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடி, ஒவ்வொரு செட்டையிலும் முக்கோணமாக ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள்ளால் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. ஸ்காபரோவில் கரப்பானுக்கு மேல் எதையும் கண்டறியாத சனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"மாசி மாசம். வெளியாலை பனி கொட்டிக் கிடக்கு. இந்தக் குளிருக்கை பூச்சி எங்காலை வரும், சொல்லுங்கோ பாப்பம்?" என்று மக்டலீன் கேட்டாள். செத்தவர் பூச்சியாய் வருவது எங்கள் ஆட்களுக்குப் புதினமும் இல்லை. செத்தவீட்டில் ஒரு வண்ணத்துப்பூச்சி பறந்தால் உடனே அதற்கு ஆள் பெயர் வைத்துவிடுவோம். வேதக்காரர், சைவக்காரர் என்ற பிரிவினை இந்த ஒரு விசயத்தில் கிடையாது.

போதாக்குறைக்கு அந்த மரமும் சாட்சி சொன்னது. அருள்நாயகத்தின் மகன் கிளிபோட்டின் வேலையிடத்திலிருந்து மலர்வளையத்துக்குப் பதிலாக அனுப்பிய மரம் அது. உடலைப் பார்வைக்கு வைத்த இரண்டு நாளும் பெட்டியின் தலைமாட்டில் நின்றது. பிறகு, ஓசியில் கிடைத்ததை எறிய மனம் வராமல் வீட்டுக்கு வந்தது. "தலைமாட்டிலை நிண்ட மரமெல்லே! பெட்டி மூட முதல் ஆத்துமம் அதிலை ஏறியிட்டுது," என்று மக்டலீன் தீர்ப்புச் சொன்னாள்.

ஜோசப்பின் மட்டும் மரத்தின் தண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அருள்நாயகத்தின் மனைவி அவள்தான் என்பது அந்த நெரிசலில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. அந்தத் தண்டில் ஒரு மாதமாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று காம்போடு தொங்கியது. காய்ந்த இலை என்று நினைத்து இரண்டு தரம் கத்திரிக்கோலை எடுத்துவிட்டுப் பிறகு பார்க்கலாமென்று விட்டவள் அவள். இப்போது அதன் வாயில் ஈரமாக ஒரு ஓட்டை. பூச்சி எங்காலை வந்ததென்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவள் சொல்லவில்லை. அவள் எப்போது எதைச் சொன்னாள்? குடும்பத்துக்குள் அவளுக்கு வாயில்லாப்பூச்சி என்றுதான் பெயர்.

அருள்நாயகத்தோடு நாற்பது வருசம் குடும்பம் நடத்திய ஆளுக்கு வாய் இருந்தும் பிரயோசனம் இருந்திராது. கதைக்கிற வேலை முழுவதையும் அவரே பார்த்தார். மாநகரசபை, மச்சான்மார், காலநிலை, மருமகளின் சமையல் எல்லாவற்றுக்கும் அவரிடம் அபிப்பிராயம் இருந்தது. ஹீற்றரின் திருகை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. கனடாவுக்கு வந்து முப்பது குளிர்காலம் ஜோசப்பின் வீட்டுக்குள் ஸ்வெற்றரும் காலுறையுமாகத் திரிந்தாள். சாப்பாட்டு மேசையில் முதல் வாய் வைத்ததும் அவர் சொல்வது ஒன்றேதான்: "உப்புக் காணாது." ஒரு நாள் தவறாது. ஜோசப்பின் உப்புச் சாடியை எடுத்து அவர் முன்னால் வைப்பாள். ஆனால் கறிச்சட்டிக்குள் ஒரு சிட்டிகைகூடக் கூட்டிப் போட்டதில்லை. உப்புச் சரியென்று அவள் நாக்குச் சொன்னது. நாற்பது வருசத்தில் அவள் செய்த ஒரே கலகம் அது.

அவர் போன பிறகு அவள் முதலில் செய்த காரியம் ஹீற்றரைத் திருகியது. இரண்டாவது, குறட்டைச் சத்தம் இல்லாத சின்ன அறைக்குக் கட்டிலை மாற்றிக்கொண்டது. யன்னலோரம். காலையில் எழும்ப மனமில்லாவிட்டால் எழும்பமாட்டாள். பசித்தால் பாணும் சம்பலும். இறைச்சிச் சட்டியை அடுப்பில் ஏற்றவேயில்லை. சந்தோசமாக இருந்தாள். அது அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது. பெட்டி மூடும்போதுகூட அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "கல்நெஞ்சுக்காரி," என்று மக்டலீன் பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னது பக்கத்துக் கதிரைக்கு மட்டுமல்ல, பாதிரியாருக்கும் கேட்டது.

அந்த மக்டலீன்தான் செத்தவீட்டிலேயே ஒரு கதை தொடக்கியிருந்தாள்: ஜோசப்பின் தனியக் கிடக்கக்கூடாது, துணைக்குத் தான் வந்து இருக்கவேண்டும், அந்த யன்னலோரச் சின்ன அறை தனக்குப் போதும். ஒரு மாதமாக ஜோசப்பின் ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். இனி இழுக்க முடியாது. இப்போது ஆத்துமமே நேரில் வந்துவிட்டது.

"தம்பி ஏன் வந்தவன் தெரியுமோ? அக்கா, இவளைத் தனிய விடாதையெண்டு சொல்ல வந்தவன்," என்று மக்டலீன் மூக்கைச் சிந்தினாள். "வியாழக்கிழமை நான் வாறன். ஒரு சூட்கேஸ் இண்டைக்கே காரிலை கிடக்கு."

கிளிபோட் தாயைப் பார்த்தான். "அம்மா, மாமி வந்து நிண்டால் எனக்கும் நிம்மதி," என்றான். அவன் நகரத்துக்கு வெளியே விற்பியில் இருக்கிறான். அங்கிருந்து வாராவாரம் வந்துபோவதில் மிச்சமாகும் நேரத்தை அவன் அந்த இடத்திலேயே மனதுக்குள் கணக்குப் பார்த்தது முகத்தில் தெரிந்தது.

ஜோசப்பின் வாயைத் திறந்தாள். "சாப்பாடு ஆறுது," என்றாள்.

சாப்பாடு என்றதும் ஒரு புதுப் பிரச்சினை வந்தது. எதிர்வீட்டு யோகராணி சைவக்காரி. பூச்சியைப் பார்க்க வந்தவள் சும்மா போகாமல், "எங்கடை ஆக்கள் காகத்துக்கு வைப்பினம். அண்ணை நேரை வந்திருக்கிறார், அவருக்கு ஒண்டும் வைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டாள். மக்டலீன் ஒரு கணம் வேதத்தை யோசித்தாள். பிறகு தம்பியை யோசித்தாள். ஐந்து நிமிசத்தில் மரத்தின் முன்னால் ஸ்ரூல் வந்தது, அதன் மேல் அருள்நாயகத்தின் படம் வந்தது, படத்தின் முன்னால் ஆட்டிறைச்சிக் கறி, கணவாய்ப் பிரட்டல், ஒரு கிளாஸ் பிராந்தி. பூசை வைத்த கையோடு சாப்பிட வந்திருந்த பாதிரியார் இதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, திருச்சபை இதுபற்றி என்ன சொல்கிறதென்று யாராவது கேட்கமுதல் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டார்.

பூச்சி எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. பிராந்தியைக்கூட.

"வெக்கப்படுறான்," என்றாள் மக்டலீன்.

அருள்நாயகம் பிராந்திக்கு முன்னால் வெட்கப்பட்ட வரலாறே கிடையாது. அந்த ஹோலில் இருந்த அத்தனை ஆம்பிளைகளுக்கும் அது தெரியும்.

அடுத்த நாளிலிருந்து ஜோசப்பினின் வீடு கோயிலாகிவிட்டது. மக்டலீன் எடுத்துவிட்ட படம் வட்ஸ்அப்பில் பக்கத்து வோபர்ன் வரைக்கும் போய், அங்கிருந்து லண்டன் சுற்றித் திரும்பி அவளுடைய போனுக்கே வந்தது. தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் லிஃப்ற்றில் ஏறி வந்தார்கள். மக்டலீன் தினமும் ரெலிபோனில் கட்டளை போட்டாள்: நேற்று வைத்ததை வையாதே, புதிதாய்ச் சமைத்து வை. ஜோசப்பின் ஒவ்வொரு நாளும் ஆட்டிறைச்சி காய்ச்சி வைத்தாள். ஆறினதும் அது யோகராணி வீட்டுக்குப் போனது. யோகராணியின் புருசன் சண்முகநாதன் தான் சைவம் என்பதைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திவைத்தார்.

பொழுதுபடுகிற நேரத்தில் பூச்சி ஒரு வேலை செய்தது. மரக்கொப்பில் அசையாமல் இருந்து, செட்டையை விரித்து, வயிற்றின் நுனியை வெளியே நீட்டிக்கொண்டு நீண்ட நேரம் அப்படியே கிடந்தது. கிளிபோட் போனைப் பிடித்து அதை மாமிக்குக் காட்டினான். "செபம் சொல்லுறான்!" என்று போனுக்குள்ளிருந்து மக்டலீன் தேம்பினாள். அன்று முதல் பின்னேரம் வந்தவர்கள் பூச்சியோடு சேர்ந்து செபமாலை சொன்னார்கள்.

ஜோசப்பினின் போனில் ஒரு வசதி இருந்தது. செடிகொடியைப் படமெடுத்தால் பெயர் சொல்லும். கீரைக்கும் களைக்கும் வித்தியாசம் பார்க்க அவள் பாவிப்பது. திங்கட்கிழமை அவள் பூச்சியைப் படமெடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். சனம் பின்னால் வராத இடம் அது ஒன்றுதான். கொமோட்டில் இருந்துகொண்டு, காற்றாடியின் இரைச்சலில், இங்கிலீசை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பாண் பேக்கரியில் இருபது வருசம் வேலை செய்தவளுக்கு அந்தளவு இங்கிலீசு வரும்.

நடு அமெரிக்காவின் காட்டுப் பட்டுப்பூச்சி. மெக்சிகோவிலிருந்து குவாத்தமாலா, நிக்கராகுவா, கோஸ்டா ரிக்கா என்று கீழே பனாமா மட்டும் அதன் ஊர்கள். ஜோசப்பின் எழும்பிப் போய் மரச்சட்டியின் அடியைத் தடவிப் பார்த்தாள். கோஸ்டா ரிக்கா என்று லேபல் ஒட்டியிருந்தது. திரும்ப வந்து கதவைப் பூட்டினாள். முட்டையிலிருந்து புழு வரும். புழு இலையைத் தின்னும், தோல் வெடிக்கும், புதுத் தோலோடு திரும்பவும் தின்னும். ஆயுளுக்குத் தேவையான சாப்பாடு முழுவதையும் அந்தப் புழுப் பருவத்திலேயே தின்று முடித்துவிடும். பிறகு ஏதாவது ஒரு தண்டில் பட்டுநூலால் ஒரு கூடு கட்டிக் காம்பு வைத்துத் தொங்கவிட்டு, உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். மழையும் சூடும் வரும்வரைக்கும் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும்.

மழையும் சூடும். ஹீற்றரைத் திருகியது அவள். காய்ந்துபோகிறதே என்று மரத்துக்குத் தண்ணீர் விசிறியதும் அவள். ஆக, அருள்நாயகம் உயிரோடு இருந்திருந்தால் அருள்நாயகம் வந்திருக்கவே மாட்டார். ஜோசப்பினுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே சனம் செபமாலையின் மூன்றாம் காரணிக்கம் சொல்லிக்கொண்டிருந்ததால் துவாயை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வாசித்ததுதான் சிரிப்பை நிறுத்தியது. வெளியே வந்த பூச்சிக்கு வாய் கிடையாது. சாப்பிடாது, குடிக்காது. இருக்கிற கொழுப்பில் ஒரு கிழமை, கூடிப்போனால் பத்து நாள். மீசை தடித்து இறகுபோல இருந்தால் ஆண், மெல்லிசாக இருந்தால் பெண். பெண் எங்கும் அலையாது. இருந்த இடத்தில் இருந்து, பொழுதுபட வயிற்று நுனியால் ஒரு வாசத்தை விடும். எங்கோ தூரத்தில் பறக்கிற ஆண் அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு தேடி வரும்.

ஜோசப்பின் போனை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். மெல்லிசு மீசை. இது பெண். ஒவ்வொரு பின்னேரமும் இந்தப் பிள்ளை மாப்பிள்ளை கூப்பிடுகிறது. பக்கத்தில் நின்று சனம் செபமாலை சொல்கிறது. ஒரு ஆண் வேண்டுமென்றால் மெக்சிகோவிலிருந்து பறந்து வரவேண்டும், அதுவும் பனிக்குள்ளால்.

"வராததும் ஒரு கணக்குக்கு நல்லதுதான், பிள்ளை," என்று கொமோட்டிலிருந்தபடியே சொன்னாள்.

அன்று இரவு அவள் ரெலிபோனில் மக்டலீனிடம் மெல்லத் தொடங்கிப் பார்த்தாள். "மச்சாள், போனிலை பாத்தனான். உது மெக்சிக்கோப் பக்கத்துப் பூச்சியாம்."

"தம்பிக்கு எப்பவும் வெளிநாடு பாக்க ஆசை," என்றாள் மக்டலீன். "வியாழக்கிழமை அந்தச் சின்ன அறையை ஒதுக்கி வை. கட்டிலை யன்னலாலை தள்ளிப் போடு. எனக்குக் காத்துப் பிடிக்காது. ஹீற்றரையும் குறை, அருளுக்குச் சூடு ஆகாது."

ஜோசப்பின் போனை வைத்துவிட்டுப் போய் ஹீற்றரைக் குறைத்தாள். கை தானாகவே போனது. நாற்பது வருசப் பழக்கம். பிறகு சின்ன அறைக்குள் போய், யன்னலோரக் கட்டிலில் இருந்துகொண்டு, இனி இது இல்லையென்று நினைத்தாள். ஒரு மாதம்தான் கிடைத்தது. புருசன் செத்ததற்கு வராத பயம் அப்போது வந்தது. மிச்சச் சீவியத்துக்கும் இன்னொரு அருள்நாயகம், அதுவும் பாவாடை கட்டிய அருள்நாயகம். அவள் எழும்பிப் போய் ஹீற்றரைத் திரும்பக் கூட்டிவைத்தாள்.

வியாழக்கிழமை பின்னேரம் கிளிபோட் இரண்டாவது சூட்கேசை இழுத்துக்கொண்டு வர, பின்னால் மக்டலீன் வந்தாள். கறுப்புக் கோட்டு, வெள்ளை முக்காடு, கையில் செபமாலை. ஒரு வேடிக்கையும் தவறவிடாத யோகராணி ஏற்கெனவே வந்து சோபாவில் இருந்தாள். ஸ்ரூலில் அன்றைக்குக் காய்ச்சிய இறைச்சி ஆவி பறக்க இருந்தது. பூச்சியை மரத்தில் காணவில்லை. மேலே திரைச்சீலையில் செட்டை கிழிந்து, நிறம் உதிர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

மக்டலீன் கோட்டைக் கழற்றமுதல் தம்பியின் படத்தைக் கொஞ்சப் போனாள். உதட்டைக் குவித்துக் கிட்டே போனவள் அப்படியே நின்றாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திரும்பக் குனிந்தாள். படச்சட்டத்தின் கண்ணாடியில், அருள்நாயகத்தின் பெரிய மீசைக்கு நேரே மேலே, சவ்வரிசி ஒட்டியதுபோல வரிசையாக என்னவோ இருந்தது.

"உதென்ன?"

கிளிபோட் குனிந்து பார்த்தான். "முட்டை, மாமி."

யோகராணி சோபாவிலிருந்து கழுத்தை நீட்டினாள். "அப்ப... அண்ணை முட்டை போட்டிருக்கிறாரோ?"

மக்டலீனின் முகம் ஒரு சுற்றுச் சுற்றியது. முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் வந்தது. "புதுமை," என்றாள். "மாதாவின்ரை புதுமையெல்லே நடந்திருக்கு! தம்பி என்ன சொல்லுறானெண்டால், இந்த வீடு திரும்பவும் நிறையவேணுமெண்டு. நான் வந்து..."

"மச்சாள், உது அவரில்லை."

சொன்னது யாரென்று எல்லோரும் தேடினார்கள். குசினி வாசலில் அகப்பையோடு ஜோசப்பின் நின்றாள்.

"உனக்கென்னண்டு தெரியும்?" என்றாள் மக்டலீன்.

"உதுக்கு வாயில்லை, மச்சாள். உங்கடை தம்பியிட்டை வாயைத் தவிர வேறை என்ன இருந்தது?"

யோகராணிக்கு இருமல் வந்தது. கிளிபோட் சூட்கேசின் கைப்பிடியைக் கவனமாக ஆராய்ந்தான்.

"அஞ்சாறு நாளா ஆடு காய்ச்சி வைக்கிறன்," என்று ஜோசப்பின் தொடர்ந்தாள். "அவரெண்டால் செத்தும் சும்மா இருந்திருப்பாரே? உப்புக் காணாதெண்டு பெட்டிக்குள்ளை இருந்து எழும்பியிருப்பார். உது ஒரு பொம்பிளைப் பூச்சி. இந்த மரத்திலை வந்தது. நீங்கள் செபமெண்டு நினைச்சது, அது ஆம்பிளையளைக் கூப்பிட்டது. ஒருத்தரும் வரேல்லை. வெறும் முட்டையைப் போட்டிட்டுது. சாகப்போகுது. அதை விடுங்கோ. எனக்குத் துணை வேண்டாம், மச்சாள். கிளிபோட், சூட்கேஸ் ரெண்டையும் கீழை கொண்டுபோ."

மக்டலீன் கத்துவாள் என்று எல்லோரும் காதைத் தயார்படுத்திக்கொண்டார்கள். அவள் கத்தவில்லை. சூட்கேசின் மேலேயே இருந்துவிட்டாள்.

"றொபேட்டின்ரை வீட்டிலை ஒருத்தரும் என்னோடை கதைக்கிறேல்லை, ஜோசப்பின்," என்றாள். றொபேட் அவளுடைய ஒரே மகன். அவனுடைய பேஸ்மென்றில்தான் அவள் இருக்கிறாள். "காலமை எல்லாரும் வேலைக்குப் போயிடுவினம். பின்னேரம் வந்து மேலை ரிவி பாப்பினம். நான் கீழை இருந்து சத்தத்தைக் கேக்கிறது. தம்பி ஒருத்தன்தான் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து என்னோடை சண்டை பிடிக்கிறவன்."

ஜோசப்பினுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இருங்கோ மச்சாள் என்ற சொல் தொண்டை மட்டும் வந்து நின்றது. அதை வெளியே விட்டால் யன்னல் போச்சு, ஹீற்றர் போச்சு, எல்லாம் போச்சு. விடாவிட்டால் இந்த மனிசி திரும்பப் போய் நிலத்துக்குக் கீழே இருக்கவேண்டும். அகப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லை விழுங்கினாள். விழுங்கியது நோகத்தான் செய்தது.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாங்கோ," என்றாள். "சமைச்சு வைக்கிறன். சாப்பிட்டு, பின்னேரம் மட்டும் இருந்து என்னோடை சண்டை பிடியுங்கோ. பேந்து கிளிபோட் கொண்டுபோய் விடுவான்."

"ஒவ்வொரு ஞாயிறுமோ அம்மா?" என்றான் கிளிபோட்.

"ஒவ்வொரு ஞாயிறும்."

மக்டலீன் மூக்கைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் மீசையிலிருந்த முட்டைகளைப் பார்த்தாள். "உண்மையாத்தான். இவன் ஒரு நாளும் பிராந்தியை விடமாட்டான்," என்று எழும்பினாள். வாசலில் நின்று, போன கௌரவத்தில் கொஞ்சத்தையாவது மீட்கவேண்டுமே என்று, "வீடு சரியான சூடு," என்றாள்.

"ஓம் மச்சாள். எனக்குக் குளிர் ஆகாது," என்றாள் ஜோசப்பின்.

எல்லோரும் போனபிறகு அவள் கதவைப் பூட்டினாள். முட்டைகளைச் சுரண்டவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். திரைச்சீலையில் பூச்சி வழக்கம்போல வயிற்று நுனியை நீட்டத் தொடங்கியிருந்தது. "ஒருத்தரும் வராயினம், பிள்ளை," என்றாள். "பயப்பிடாதை. அவ்வளவு மோசமில்லை."

ஸ்ரூலிலிருந்த இறைச்சியை எடுத்துக்கொண்டுபோய் மேசையில் வைத்து, சோறு போட்டுக்கொண்டு, அருள்நாயகம் வழமையாக இருக்கிற கதிரையில் இருந்தாள். வேறு யாருக்கும் பரிமாறாமல், யாருடைய முகத்தையும் பார்க்காமல், தான் சமைத்த ஆட்டிறைச்சியை முதல்முதலாக ஆறுதலாகச் சாப்பிட்டாள். ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். இன்னொரு வாய் வைத்துப் பார்த்தாள்.

உப்புக் காணாது.

அவளுக்கு நம்ப முடியவில்லை. குழம்பை விரலால் தொட்டு நக்கினாள். காணாது. இன்றைக்கு நேற்றல்ல, நாற்பது வருசமாகவே காணாது போலிருந்தது. அந்த மனிசன் வாய் ஓயாமல் சொன்ன ஆயிரம் பிழையான கதைகளுக்குள் இது ஒன்று சரியாக இருந்திருக்கிறது. மீசையில் முட்டையோடு அவர் படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, சரி. உப்புக் காணாதுதான்," என்று அவருக்குச் சொன்னாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. பெட்டி மூடும்போது வராதது, ஒரு மாதமாக வராதது, சோற்றுக்குள் விழ விழ வந்தது. அவர் இல்லை. இனி உப்புச் சாடியைத் தள்ளிவைக்க எதிரில் ஒரு ஆள் இல்லை.

அழுது முடிய மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனாள். உப்புச் சாடியை எடுத்தாள். கோப்பையிலிருந்த சோற்றில் தூவாமல், அடுப்பிலிருந்த கறிச்சட்டியைத் திறந்து அதற்குள் ஒரு சிட்டிகை போட்டுக் கிண்டினாள். பிறகு அதில் அள்ளிக்கொண்டு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள்.